நெயில் பாலிஷ் வைத்த இன்ஜெக்டர்கள்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் டீசல் இன்ஜெக்டர்களை டெஸ்ட் செய்து தரும் கடை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இன்ஜெக்டர் என்பது ஒரு ஜாண் நீள இரும்புச் சாமான். இன்ஜினுக்குள் டீசலைப் பனி மாதிரி தெளிப்பதுதான் அதன் வேலை. கடைக்கு வரும் ஆண்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பெரிய இன்ஜெக்டர் போட்டா பவர் ஏறுமாம்மா?"

நானும் பதினோரு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கிற ஸ்டாக் இன்ஜினுக்கு அது தண்டம். டீசலை மட்டும் கூட ஊத்தினா ஆச்சா? எரியறதுக்குக் காத்து வேணாமா? காத்தை உள்ள தள்ளுற டர்போ அதே டர்போ, டீசலை அளக்கற கம்ப்யூட்டர் அதே கம்ப்யூட்டர். எரியாத டீசல் கரும்பொகையா வெளிய போவும், இன்ஜின் சூடேறும், ஒருநாள் பிஸ்டன் ஓட்டையாகும்." தலையைத் தலையை ஆட்டிக் கேட்பார்கள். பிறகு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "உள்ள சார் யாரும் இல்லையா?" என்பார்கள். உள்ளே இருக்கும் சார், இன்ஜெக்டரை மாட்டித் தெளிக்கவிட்டுப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சை ஓட்டக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான்.

அந்த மகானுபாவர்களையெல்லாம் விட்டுவிடலாம், போகட்டும். என் வீட்டுக்காரரை என்னவென்று சொல்ல?

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர் அவர். மூன்று வருடத்துக்கு முன்புதான் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கினோம். வாங்கிய வாரமே அதன் நாலு இன்ஜெக்டரையும் நானே பெஞ்சில் ஏற்றி, சுத்தம் செய்து, பார்த்துக் கொடுத்தேன். எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டருக்கு என்று தெரிய எங்கள் கடையில் நெயில் பாலிஷ் பொட்டு வைப்போம். மார்க்கர் பேனா டீசலில் அழிந்துவிடும், நெயில் பாலிஷ் லேசில் போகாது. என் நாத்தனார் கொடுத்த கத்தரிப்பூ நிறப் பாலிஷ் ஒன்று, விரலில் வைக்கச் சகிக்காமல் கிடந்தது. அதில்தான் ஒரு பொட்டு, இரண்டு, மூன்று, நாலு என்று வைத்தேன். வண்டி தேர் மாதிரி ஓடியது. பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரிக்குப் பதினாலு பெண்களை ஷிஃப்ட்டுக்கு ஏற்றிப்போகும் டிரிப் கிடைத்தது. இனிமேல் யாருக்கும் டிரைவராகப் போகமாட்டேன் என்று அன்றைக்கு அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

டிரைவர்களின் போன் குரூப்பில் எவனோ ஒருவன் வீடியோ போட்டான். ஹோசூர் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் ஷெட்டு வைத்திருப்பவன். அப்கிரேட் இன்ஜெக்டர், பழசுக்கு எக்ஸ்சேஞ்ச். டீசலில் ஊறிய கையோடு வந்து ராத்திரிச் சோறு போடுகிற பெண்டாட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா? கேட்கவில்லை. சனிக்கிழமை நான் வேலைக்குப் போன நேரத்தில் போய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா மைலேஜ் செக் செய்யப் போனார். டீசல் நம் கர்நாடகா பக்கம் மலிவு என்பதால், தமிழ்நாட்டுக்குள் நுழையும் முன் அத்திப்பள்ளியில் டேங்க்கை நிரப்புவது எல்லா டிரைவர்களின் வழக்கம். இவரும் நிரப்பிக்கொண்டு, காலி வண்டியாகக் கிருஷ்ணகிரி வரை போய், அங்கே மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்திருக்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன். "லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூட குடுக்குது! உங்க கடையில பழசைக் கழுவித்தான் தருவீங்க. இது வேற லெவல்மா!"

"ஏங்க, நீங்க போனது எறக்கம். பெங்களூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு நியூட்ரல்ல விட்டாக்கூட வண்டி பாதி தூரம் போவும்."

"உனக்குப் பொறாமை" என்றார். எனக்கு என்ன பொறாமை, இன்ஜெக்டர் மேலா? தலையில் அடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது சூளகிரி ஏற்றத்தில் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினானாம். அதை அவர் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். அதற்குள் திங்கட்கிழமை விடிந்து, பதினாலு பெண்களும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஃபேக்டரி வாசலில் இறங்கியிருந்தார்கள். வண்டி விட்ட புகையில் செக்யூரிட்டி கேபின் கறுத்துப் போயிற்றாம். டிரான்ஸ்போர்ட் ஆபீசர் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம். "வெள்ளிக்கிழமைக்குள்ள பொகை நிக்கலைன்னா, அடுத்த திங்கள்ல இருந்து வேற வண்டி."

அப்புறம்தான் ஐயாவுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. அந்த அப்கிரேட் சாமான்களைக் கழற்றிக்கொண்டுவந்து பெஞ்சில் ஏற்றினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெரிய இன்ஜெக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதே மாடல்தான், ஓடி ஓடித் தேய்ந்து துளை பெரிசானது. எவனோ தூக்கி எறிய வேண்டியதை வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான். பனியாகத் தெளிக்க வேண்டிய டீசல் குழாயடித் தண்ணீர் மாதிரி ஒழுகியது. துளை பெரிசு, அதனால் டீசல் கூட ஊற்றும், அதனால் அப்கிரேட். அடடா, என்ன மூளை!

அந்த ஷெட்டுக்கு இரண்டு பேரும் போனோம். எங்களுடைய பழைய இன்ஜெக்டரைத் திருப்பிக் கொடு என்றேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "எக்ஸ்சேஞ்ச் ஆயித்து அக்கா. அது அன்னிக்கே வேற பார்ட்டிக்குப் போயிடுச்சு" என்றான். என் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். கேட்டு என்ன, அவன் காதில் இயர்போன் இருந்தது. தேய்ந்த நுனியை மாற்றப் புது நாசில் வேண்டும்; எங்கள் கடையில் அந்த மாடலுக்கு நாசில் இல்லை, ஆர்டர் போட்டேன், வர ஒரு வாரம். நான்கு கடை ஏறி இறங்கினேன். எங்கேயும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை போயே போய்விட்டது.

சனிக்கிழமை காலை ஒரு ஆள் துணியில் சுற்றி நாலு இன்ஜெக்டரைக் கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசினார்.

"பொம்மசந்திரா ஃபேக்டரி டிரிப்மா, திங்கள்ல இருந்து. முன்னாடி ஓடின வண்டி ஒரே பொகையாம். அதனால இன்ஜெக்டர் டெஸ்ட் பண்ண ரிப்போர்ட் குடுத்தாத்தான் டிரிப்புன்னுட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது சாதா இல்ல, அப்கிரேட் இன்ஜெக்டர். போன வாரம் போட்டேன். போட்டதுல இருந்து வண்டி பறக்குது" என்றார்.

துணியைப் பிரித்தேன். வெள்ளிப் பெயின்ட் புத்தம் புதிதாக மினுங்கியது. மேல் விளிம்பில் மட்டும் பெயின்ட் லேசாக உரிந்திருந்தது. அதற்கடியில் கத்தரிப்பூ நிறம். ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று, நாலு.

பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. அவர் என்ன தப்பு செய்தார், காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். தேய்ந்துபோனதைக் கழற்றிவிட்டு நல்ல ஸ்டாக் சாமானைப் போட்டால் எந்த வண்டியும்தான் பறக்கும். ஆனால் ரிப்போர்ட் என் கையில் இருந்தது. ஃபெயில் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அந்த டிரிப் ஒரு வாரம் யாருக்கும் போகாது. அதற்குள் எங்கள் நாசில் வந்துவிடும். உள்ளே சார் வேறு இல்லை, கேட்க ஆளில்லை. நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பெஞ்சில் ஏற்றினேன். நாலும் பனியாகத் தெளித்தன. நான் பார்த்துக் கொடுத்த சாமான், வேறெப்படித் தெளிக்கும்? பாஸ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "தேங்க்ஸ்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே சார் இருக்கிறாரா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரர் பழைய முதலாளி ஒருவருக்குப் போன் செய்து, டிரைவர் வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். ஃபேக்டரி பக்கமாகப் போய் வேவு பார்த்திருப்பார் போல.

"அந்த வண்டி கொஞ்சம்கூடப் பொகை விடலை. கல்லு மாதிரி நிக்குது" என்றார். "உங்க கடைக்குத்தான வந்தானாம்? அப்படி என்ன இன்ஜெக்டர் போட்டிருக்கான்னு கேட்டியா?"

இத்தனை வருடத்தில் இன்ஜெக்டரைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"நம்மளுதுங்க" என்றேன்.