உப்பளத்தில் ஒரு நீலப் பந்தல்

1974ஆம் ஆண்டு, கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் சாலம்மாளை முதன்முதலாகச் சந்தித்தேன். மரக்காணத்தில் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சேர்ந்த பள்ளியில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். பள்ளியின் மேற்குத் தாழ்வாரத்தில் பிற்பகல் வெயில் நேராக விழும். விடுமுறை முடிவதற்குள் அங்கே மறைப்புத் துணி தொங்கவிட எண்ணி, ஒரு சுருள் கித்தானுடன் கடைத்தெருக் கோடியில் இருந்த அவருடைய கொட்டகைக்குச் சென்றேன். உப்பு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவர் தொழில்.

அவர் கித்தானின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினார். அதை நகத்தால் சுரண்டினார். வலக்கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எத்தினி வருசத்துக்கு வேணும், டீச்சரம்மா?"

"அஞ்சு வருஷமாவது தாங்க வேண்டாமா?"

"அப்ப இது ஆவாது. ஐப்பசி மழையில கறுப்பு கறுப்பா பூஞ்சணம் பூக்கும். புள்ளைங்க தலையில நாத்தந்தான் கொட்டும். நான் தைக்க மாட்டேன்."

"தைக்கிறதுதானேம்மா உங்க தொழில்?"

"தொழில்தாங்க. அதுக்காவ கிழியப் போறத தைக்கணுமா?"

எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. "வாங்க, காட்டுறேன்" என்று கிளம்பினார். உப்பளத்தின் நடுவே, ஒரு வரப்பின் மேல் நட்டிருந்த பனங்கழிக்கு என்னை அழைத்துச் சென்றார். அதில் நான்கு துண்டுத் துணிகள் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தன. ஓராண்டாக அவை அங்கே வெயிலிலும் மழையிலும் கிடந்தனவாம். வாரம் ஒருமுறை பாத்தியிலிருந்து உப்புநீரை அள்ளி அவற்றின் மேல் ஊற்றுவாராம்.

கித்தான் கறுத்து இற்றிருந்தது. மெழுகுத் தார்ப்பாய் மடிந்த இடமெல்லாம் வெடித்திருந்தது. நைலானைத் தொட்டதும் அது விரலில் மாவாக உதிர்ந்தது. நான்காவது துண்டு மட்டும் நேற்றுத்தான் வாங்கியதுபோல நீலமாக இருந்தது.

"இதுக்குப் பேரு அக்ரிலிக்காம். ஆரோவில் வெள்ளைக்காரர் ஒருத்தர் பாய்மரப் படகு வெச்சிருந்தாரு. அந்தப் படகுக்கு மேல்மூடி தைச்சிக் குடுத்தேன். கூலிக்குப் பதிலா மிச்சச் சுருளக் கேட்டு வாங்கிக்கினேன். இதோ பாருங்க, வெட்டின நூலு உள்ளாறகூட நீலந்தான். சாயத்த மேலால பூசல; நூலு பொறக்கும்போதே நீலம். தண்ணிய வழிய விட்டுடும், காத்த உள்ள விடும். தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்தா மாதிரி வேவாது."

"அப்படியானால் இதையே பள்ளிக்குத் தையுங்களேன்" என்றேன்.

"இது உங்களுக்கு இல்லீங்க. உங்க பள்ளிக்கூடத்துல மரம் இருக்குது."

அவர் கை நீட்டிய பக்கம் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரையில் ஒரு செடிகூட இல்லை. உச்சிவெயிலில், உப்பு அம்பாரத்தின் அரையடி நிழலில் முதுகை ஒட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாலம்மாளும் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே உப்புக் கூடை சுமந்தவர். அந்த வெண்மையை ஓயாமல் பார்த்துத்தான் அவருடைய வலக்கண்ணில் சதை வளர்ந்திருந்தது. அந்தப் பெண்களுக்கு ஒரு பந்தல் போட வேண்டும். அதற்காகத்தான் அவர் ஓராண்டாகத் துணி தேர்ந்துகொண்டிருந்தார். என் பள்ளிக்கு மூங்கில் தட்டியே வந்து சேர்ந்தது.

அந்த அளத்தின் வேலையை மேற்பார்த்தவர் அரசப்பன் என்னும் மேஸ்திரி. "பந்தல் போட்டா படுத்துக்குவாளுங்க" என்று அவர் மறுத்தாராம்.

"மேஸ்திரி வீட்ல எல்லாரும் வெயில்ல நின்னுக்கினுதான் சோறு துன்றீங்களா?" என்று சாலம்மாள் கேட்டாராம்.

கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டதால் அரசப்பன் ஒரு நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார்: ஒரே ஒரு பருவம், அதற்குள் பந்தல் கிழிந்தால் கம்பங்களைப் பிடுங்கிவிடுவார், பிறகு அந்தப் பேச்சே எழக் கூடாது.

1975 மாசியில் பந்தல் எழுந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய நான்கு மாதங்களும் அந்தப் பெண்கள் நிழலில் அமர்ந்து உண்டார்கள். இன்னாசிமேரி என்பவள் தன் கைக்குழந்தையை அங்கே தூளியில் கிடத்தினாள்.

ஆடிக்காற்றில் பந்தல் பிரிந்தது. செய்தி கேட்டு நானும் ஓடினேன். நீலத் துணி மூன்று பட்டைகளாகப் பிரிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வருசம் ஊறப்போட்டுப் பாத்த துணியாம்! ஒரு காத்துக்கே கிழிஞ்சிபோச்சி" என்று அரசப்பன் உரக்கச் சொன்னார். "ஏம்மா சாலம்மா, நாளைக்குக் காலையில கம்பம் இருக்காது, சொல்லிட்டேன்."

சாலம்மாள் அந்தத் துணியருகே போனார். முழந்தாளிட்டு, பட்டைகளின் ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே சென்றார். பிறகு ஒரு பட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே அரசப்பனிடம் வந்தார்.

"இழுத்துப் பாருங்க."

"எதுக்கு?"

"கிழிஞ்சிருக்குதுன்னு சொன்னீங்கல்ல? இழுங்க, ரெண்டு கையாலயும் இழுங்க."

அரசப்பன் இழுத்தார். துணி அசையவில்லை.

"துணி கிழியல. நூலு போச்சு. பஞ்சு நூல்ல தைச்சேன். உப்புக்காத்து நூல்ல ஏறி, தையலுக்குள்ளயே உப்பு பூத்து அறுத்துடுச்சி." அவர் தையல் துளைகளைக் காட்டினார், ஒவ்வொன்றிலும் மணல்போல உப்பு இருந்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கூறினார்: "நாலு துணியத் தொங்கவிட்டேனே, ஒண்ணுலயாவது ஒரு தையல் போட்டுப் பாத்தனா? இல்ல. தப்பு என்னுது, துணியோடது இல்ல. தைச்சவளத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். கம்பத்துல கை வெக்காதீங்க."

"அதெல்லாம் முடியாது" என்று கூறிவிட்டு அரசப்பன் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் சென்றபோது பெண்கள் எல்லாரும் கம்பங்களைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும், உப்பு மூட்டைகளின் வாயைத் தைக்கும் கோணி ஊசி இருந்தது. அதில் மெழுகு தடவிய வலை நூல் கோக்கப்பட்டிருந்தது. வலை நூலும் நைலான்தான். வெயில் பட்டால் உதிரும். ஆதலால் மடிப்புகள் கீழ்ப்பக்கம் தொங்குமாறும், தையலின் மேல் வெயில் படாதவாறும் தைக்கச் சாலம்மாள் சொல்லிக் கொடுத்திருந்தார். சாலையில் ஒரு லாரி காத்து நின்றது. அதில் ஏற வேண்டிய மூட்டைகள் வாய் திறந்தபடி வரிசையாகக் கிடந்தன.

அரசப்பன் கடப்பாரையுடன் இருவரை அழைத்து வந்தார். "வேலை நேரத்துல என்னா தையல்? மூட்டைய யாரு தைக்கிறது?"

"ஆளுக்கு ஊசி ஒண்ணுதாங்க இருக்குது மேஸ்திரி" என்றாள் இன்னாசிமேரி, தலை நிமிராமல். "இது முடிஞ்சாத்தான் அது."

"சாலம்மா, நீ இங்க கூலிக்காரிகூட கிடையாது. எழுந்து போ!"

"தைச்சி முடிச்சதும் போறேங்க. கம்பத்தப் புடுங்கணும்னா புடுங்குங்க. கம்பத்துக்கு ஒருத்தி சாஞ்சிக்கினு இருக்கா. அவளையும் சேத்துத்தான் புடுங்கணும்."

கடப்பாரையுடன் வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு அதைக் கீழே வைத்தான். லாரி ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அடித்தார். அரசப்பன் லாரியைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், கடைசியில் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். நண்பகலுக்கு முன்பே பந்தல் மீண்டும் எழுந்தது. அதன் நிழலில் அமர்ந்துதான் அன்று அவர்கள் மூட்டைகளைத் தைத்தார்கள்.

அதன்பிறகு கம்பங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன் பந்தலை இறக்கி, தை பிறந்ததும் ஏற்றினார்கள். அதன் நீலம் வெளுக்கவில்லை.

1979ஆம் ஆண்டு மாசியில் சாலம்மாள் நெஞ்சு நோயால் படுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சென்றேன். அதுவே நான் அவரை உயிரோடு பார்த்த கடைசி நாள். இன்னாசிமேரி அருகில் இருந்தாள். சாலம்மாளுக்குப் பேசும்போது மூச்சு வாங்கியது; ஆயினும் பேசினார்.

"பேனா இருக்குதா, டீச்சரம்மா? அளத்து மொதலாளிக்கு ஒரு மனு எழுதணும். கெழக்கால இருக்குற அளத்துல பதினெட்டுப் பொம்பளைங்க வெயில்ல நிக்கிறாளுங்க. அவங்களுக்கும் ஒரு பந்தல் வேணும். அதே துணி. தார்ப்பாய் குடுத்தா வேணாம்னு எழுதுங்க."

'தாங்கள் தயவுகூர்ந்து' என்று தொடங்கி, எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தயவெல்லாம் எதுக்குங்க? அத அடிச்சிட்டு எழுதுங்க."