வெம்பக்கோட்டைக் கரையில் நின்ற ஆறரை மணி வேன்

கிர்ர்... கிர்ர்... புக்.

ராத்திரி மெக்கானிக் தொழிலில் வண்டியை முதலில் காதால்தான் பார்க்க வேண்டும். கண் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். போனை எடுத்தால் மனுசக் குரல் வராது, இந்தச் சத்தம்தான் வரும். வண்டி நின்றுபோனவர்கள் எல்லாருக்கும் ஒரே பழக்கம்: தாங்கள் பேசுவதற்கு முன்னால் வண்டியைப் பேசவிடுவார்கள். நீங்களும் என்றைக்காவது ஆளில்லாத பாதையில் சாவியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கடைசியில் வரும் அந்தப் 'புக்' காதில் விழாது, வயிற்றில்தான் விழும் என்பது தெரிந்திருக்கும்.

நான் யாரிடமும் தொழில் படிக்கவில்லை. கழற்றினேன், மாட்டத் தெரியாமல் முழித்தேன், அப்படியே கற்றுக்கொண்டேன். சாத்தூர் ரோட்டோரம் தகரக் கொட்டகை. எப்படியும் ராத்திரி தூக்கம் வராது. சும்மா கிடந்து விட்டத்தைப் பார்ப்பதற்கு நாலு வண்டியைப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தது, பதினெட்டு வருசமாகிவிட்டது. அதில் ஒரே ஒரு திங்கட்கிழமையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

போனிலேயே கண்டுபிடித்த வியாதி

விடிகாலை நாலு மணி பத்து நிமிடம். பேசியது கருப்பசாமி. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனின் டிரைவர். வண்டி கான்ட்ராக்டருடையது. வெம்பக்கோட்டை அணைக்குப் பின்பக்கம், கருவேலங்காட்டைத் தாண்டித் தண்ணீர் ஓரமாக நிற்கிறதாம். செல்ஃப் அடிக்கிறது, ஒரு மூச்சுப் பிடிக்கிறது, அணைந்துபோகிறது.

"டீசல்ல ஏர் புடிச்சிருக்கு. அரை மணி நேர வேலை" என்றேன். பார்க்காமலே. போனிலேயே வியாதியைச் சொல்லிவிட்டால் ஆட்கள் அசந்துபோவார்கள். அப்படி அசரவைக்க ஆசைப்படாத மெக்கானிக்கை நான் கண்டதில்லை.

கருப்பசாமி அசரவில்லை. அவனுக்கு வேறு கவலை. ஆறரைக்கு முதல் ஊரில் வேன் நிற்க வேண்டும். ஏழே முக்காலுக்குக் கம்பெனி கேட். கேட்டில் ஒரு நோட்டு இருக்கிறது, வேன் வந்த நேரம் எழுத. மாசத்தில் மூன்று தாமதம் ஏறினால் கான்ட்ராக்டர் சாவியை வாங்கி வேறு டிரைவரிடம் கொடுத்துவிடுவார். இவன் பேரில் ஏற்கெனவே ரெண்டு ஏறியிருக்கிறது. கொட்டகையைச் சாத்திக்கொண்டே கேட்டேன், அப்படியிருக்க ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டியை அணைக்கு எதற்குடா கொண்டுபோனாய் என்று.

"அண்ணே, கூப்பிட்டது யாருன்னு நினைக்கீக? நோட்டு எழுதுற போர்மேன் அண்ணாச்சியே கூப்பிட்டா, நான் எந்த வாயால முடியாதும்பேன்?"

மாப்பிள்ளை நட்சத்திரம் பார்க்க வந்த கதை

போய்ச் சேரும்போது மணி ஐந்து. பைக் விளக்கில் முதலில் தெரிந்தது ஒரு ஆரஞ்சுக் கூடாரம். அதன் வாசலில் ஒரு இளைஞர், போர்மேன் பொன்ராஜ் அண்ணாச்சியின் மருமகன், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணாச்சி கூடாரத்துக்கு வெளியே, பத்தடி தள்ளி, ஜமுக்காளத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். ராத்திரி பூரா அப்படியேதான் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

மருமகனுக்கு ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி தங்கி நட்சத்திரம் பார்க்க ஆசை. மாமனாரையும் கூப்பிட்டிருக்கிறார். மாப்பிள்ளை கேட்டு மாமனார் மறுக்க முடியுமா? அண்ணாச்சி கேட்டு டிரைவர் மறுக்க முடியுமா? இப்படித்தான் மூன்று பேரில் ரெண்டு பேருக்கு இஷ்டமில்லாத ஒரு சுற்றுலா கிளம்பியிருக்கிறது.

நான் பானட்டைத் திறந்து ஹேண்ட் பம்பை அழுத்திக் காற்று எடுத்துக்கொண்டிருந்தபோது மருமகன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். வந்து இறங்கியதும் அண்ணாச்சி எல்லார் போனையும் வாங்கி ஒரு பையில் போட்டு, எட்ட இருந்த மரத்தில் தொங்கவிட்டுவிட்டாராம். வண்டி நின்றுபோன பிறகுதான் கருப்பசாமிக்குப் போன் திரும்பக் கிடைத்ததாம். கம்பெனிக்குள் போன் கூடாது, அந்தக் கை தானாக நீண்டிருக்கிறது. சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைக்க, வண்டியிலிருந்து அறுபது காலடி எண்ணி நடந்து இடம் காட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு வாளி மண், ஒரு வாளி தண்ணீர். கூடாரம் நைலான் என்று தெரிந்ததும் கையை விலக்கிக்கொண்டார். பட்டாசு ஷெட்டுக்குள் பருத்தி தவிர எதையும் உடுத்தி விடமாட்டார்கள், உரசினால் பொறி வரும் என்று. சிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தன் ஷெட்டில் வேலை பார்த்த அத்தனை பேரையும் சாயங்காலம் முழுசாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற மனுசர் அவர். ஆனால் மருமகன் சொன்ன குறையும் நியாயம்தான்.

"ராத்திரி பூரா ஒரே ஒரு தடவைதாங்க மேல பாத்தாரு. எதுக்குன்னு கேட்டா, 'இடி மின்னல் இருக்கான்னு பாத்தேன் மாப்ள'ங்கிறாரு!"

நோட்டு

காற்று எடுத்தாயிற்று. கருப்பசாமி செல்ஃப் அடித்தான். கிர்ர்... ஒரு மூச்சு... புக். ஃபில்டரைக் கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன். மறுபடி ஒரு மூச்சு, புக். மணி ஐந்தே முக்கால். மூவரும் தள்ளினார்கள், மணலில் பத்தடி நகர்ந்ததோடு சரி.

கருப்பசாமி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.  கடைசியில் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணாச்சியிடம் போனான். "அண்ணாச்சி, ஒருவேளை அஞ்சு பத்து நிமிசம் முன்னப்பின்ன ஆச்சுன்னா... இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்..."  போன ரெண்டு தாமதத்தையும் எழுதியது அதே கைதான். ஒன்று மூன்று நிமிடம், இன்னொன்று ஏழு நிமிடம். அதுவும் அவனுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அண்ணாச்சி தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருந்து தொலைத்தது. 

"வேன் நோட்டுல பொய் எழுதுன கை, நாளைக்கு வெடிமருந்து எடை நோட்டுலயும் எழுதும்லே கருப்பு."

புகை இல்லாத வண்டி

ஆறு இருபதுக்கு நன்றாக வெளுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துவிட்டது. உங்களில் யாராவது மெக்கானிக்கை நம்பி ரோட்டில் நின்றிருப்பீர்கள். மெக்கானிக் பேசாமல் துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பசாமிக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

நான் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்றுதான் போனேன். "இன்னொரு வாட்டி அடி" என்றேன். செல்ஃப் சுற்றியது. முன்னால் அத்தனை சத்தம், என் முகத்துக்கு நேரே இருந்த சைலன்சர் வாயிலிருந்து ஒரு துளிப் புகை இல்லை. உள்ளங்கையை வைத்தேன். காற்றே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டேன், மெத்தென்று இடித்தது. கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு இழுத்தால், கரி அப்பிய ஈரச் சாக்கு ஒன்று முழநீளத்துக்கு வந்தது. போனிலேயே நோய் கண்டுபிடித்த நான், ஒன்றரை மணி நேரமாக வண்டியின் முன்பக்கத்தைத் தவிர வேறு எங்கும் போகவில்லை.

"யாரு வேலைய்யா இது?" என்று கத்திவிட்டேன். மருமகன் வந்து பார்த்தார். கருப்பசாமி இறங்கி வந்தான். அண்ணாச்சி வந்தார், சாக்கைப் பார்த்தார், தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். லோடு ஏற்ற வரும் லாரிகளுக்குச் சைலன்சர் வாயில் பொறி தடுக்கும் வலை மாட்டியிருக்க வேண்டும். வலை இல்லாமல் வந்தால் கேட்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஈரச் சாக்கை வைத்து அடைத்த பிறகுதான் அவர் அடுத்த வேலைக்குப் போவார். நேற்றுச் சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் அதையும் செய்திருக்கிறார், விழுந்துவிடாமல் குச்சியால் நன்றாகக் குத்தி. செய்ததே ஞாபகம் இல்லை.  யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அங்கன அடைக்கிறது நானு, எடுக்கிறது வாட்ச்மேனு... எனக்கு எடுத்துப் பழக்கமே இல்லையே."

முதல் ஊர்

ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. கூடாரத்தைச் சுருட்டக்கூட நேரமில்லாமல் அப்படியே அள்ளி வேனுக்குள் திணித்தார்கள். வழியில் நின்றால் என்ன செய்வது என்று நானும் பைக்கில் பின்னாலேயே போனேன். உண்மையில் எனக்கு முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போக மனசில்லை.

முதல் ஊரில் நுழையும்போது ஏழு மணி இரண்டு நிமிடம். பெண்கள் பஸ் நிழற்குடையின் கீழ் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். போர்மேன் முன்சீட்டில் தலையில் காய்ந்த புல்லோடு இருப்பதையும், பின்சீட்டில் ஆரஞ்சுத் துணிக்குள் ஒரு புதுமாப்பிள்ளை புதைந்திருப்பதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். "என்ன அண்ணாச்சி, கம்பெனியக் காலி பண்ணியாச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான், அதற்குமேல் சிரிக்க நேரமில்லை. கருப்பசாமியின் ரெண்டு தாமதக் கதை எல்லாருக்கும் தெரியும். வழக்கமாக ஒருத்தி தண்ணீர் பாட்டிலை மறந்து திரும்பி ஓடுவாள், ஒருத்தி பிள்ளைக்குக் கடைசி முத்தம் கொடுப்பாள், ஜன்னல் சீட்டுக்கு ஒரு தகராறு இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. வரிசையில் மூத்தவரான ராஜாத்தியக்கா படியில் நின்று ஒவ்வொருத்தியையும் முதுகில் கை வைத்து உள்ளே ஏற்றினார். அடுத்த ஊர்களுக்குப் போன் பறந்தது, ரோட்டுக்கே வந்து நில்லுங்கள் என்று. படியிலிருந்தே அக்கா சத்தம் போட்டார்.

"சீட்டுல பெறகு உக்காந்துக்கிடலாம், மொதல்ல ஏறுங்கடி, கருப்பு பொழப்பு கேட்டுல நிக்குது!"

காரணம் என்ற கட்டம்

எவ்வளவு விரட்டியும் கேட்டில் போய் நிற்கும்போது எட்டு மணி மூன்று நிமிடம். பெண்கள் இறங்கி உள்ளே போகவில்லை. போனைக் கேட்டில் கொடுக்கும் சாக்கில் நின்றுகொண்டே இருந்தார்கள். கருப்பசாமி இறங்கவே இல்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான், கேட்டால் கொடுப்பதற்குத் தயாராக.

அண்ணாச்சி கேட் கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டை எடுத்தார். 8.03 என்றே எழுதினார். நான் பைக்கில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தேன். அந்த நோட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பக்கம் முழுக்க அது வெற்றாகக் கிடந்தது. மழை, பஞ்சர், ஊர்த் திருவிழா எதுவும் அவருக்குக் காரணம் ஆனதில்லை போலிருக்கிறது. அன்றைக்கு அதில் பேனாவை வைத்தார். கட்டம் போதாமல் ஓரத்திலும் ஏறி எழுதினார்: 'போர்மேன் பொன்ராஜ் சைலன்சரை அடைத்துவிட்டு எடுக்க மறந்தது.' கீழே கையெழுத்து.

அப்புறம் வாட்ச்மேன் மேசையில் இருந்த போனில் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு எழுதியதை எழுத்துக்கு எழுத்து வாசித்தார்.  பிறகு, "சரி அண்ணாச்சி, அப்ப அவனுக்கு ரெண்டோட நிக்கட்டும்" என்ற குரல் எங்களுக்கே கேட்டது. பெண்கள் உள்ளே நடக்க ஆரம்பித்தார்கள். கருப்பசாமிக்கு நன்றி சொல்லத் தோன்றியதோ என்னவோ, கீழே இறங்கி வாயைத் திறந்தான். அண்ணாச்சி விடவில்லை.

"கும்பிடெல்லாம் போடாதலே. லேட்டு லேட்டுதான்; இது என் பேர்ல ஏறுன லேட்டு."

நான் வீட்டுக்கு வந்தபோது தெருக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீர், தூங்க முடியாது. வண்டியில் பாதிக் கோளாறு கவனமில்லாதவர்கள் செய்வது, மீதிப் பாதி ரொம்பக் கவனமானவர்கள் செய்வது, இந்த இரண்டுக்கும் நடுவில் பார்க்காமலே வியாதி சொல்கிறவனை ஊரே மெக்கானிக் என்று நம்புகிறது என்று நினைத்தபடி, நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தேன்.