ஆணியில் தொங்கும் பழைய கருவி

கறுப்புப் பிடி, நடுவில் சுற்றிய மஞ்சள் டேப், நுனியில் ஒரு சின்ன விளக்கு. உலோகம் கண்டுபிடிக்கும் அந்தப் பழைய கைக்கருவி, எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் இன்றும் செக்கிங் மேசையோரம் ஆணியில் தொங்குகிறது. பக்கத்தில் அதே வேலைக்குப் பெல்ட் ஓடும் பெரிய மெஷின், அதற்கடுத்துத் திரை வைத்த புத்தம்புதுசு. எத்தனை வந்தாலும், பக்கிள் வைத்த குழந்தைகள் ஷூ கடைசியில் அந்தக் கருவியைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். அந்த வழக்கத்துக்குக் காரணம் என் திருட்டுத்தனம். அது எனக்கும் செக்கிங் அக்காவுக்கும் மட்டுமே தெரியும்.

தைக்கும்போது ஊசி உடைந்தால், எல்லாத் துண்டுகளையும் தாளில் ஒட்டிச் செக்கிங்கில் கொடுத்தால்தான் புது ஊசி. ஒன்று குறைந்தாலும் அன்று தைத்தது முழுக்க நின்றுவிடும், லைனே நம்மை முறைக்கும். பெல்ட் மெஷின் வந்த புதிதில் ஒருநாள் என் ஊசி உடைந்து முனையைக் காணோம். மேசை, மடி, தரை எல்லாம் தடவிப் பார்த்தேன். எப்போதோ பொறுக்கிப்போட்ட வேறொரு முனை என் டப்பாவில் கிடந்தது. அதை ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் என் ஜோடிகள் அத்தனைக்கும் மெஷின் பச்சை விளக்குக் காட்டியது. அப்படியென்றால் என் முனை எங்கே போனது? அக்காவிடம் போய் நின்றேன்.

“அக்கா, நான் ஒட்டின முனை அந்த ஊசியோடது இல்லக்கா.”

“தெரியும்டி. ஒடஞ்ச எடம் ரெண்டும் சேரவே இல்ல. அதான் உன் பெட்டிங்கள தனியா வெச்சிருக்கேன்.”

“மெஷின் பாஸ் பண்ணிடுச்சேக்கா?”

“பக்கிள் இரும்பு. அதுக்குக் கத்தக் கூடாதுன்னு மெஷின் புடிக்கிற அளவ கம்மில வெச்சிருக்காங்க. பக்கிள்கிட்ட இன்னா இருந்தாலும் உட்டுடும்.”

ஆணியிலிருந்து கருவியை எடுத்தார். ஒவ்வொரு ஷூவையும் கவிழ்த்து, சாய்த்து, விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். பக்கிள் வரும்போதெல்லாம் அது கனமாக முனகியது. எனக்கு எல்லாம் ஒரே சத்தம். நாலாவது பெட்டியில் அவர் கை சட்டென்று நின்றது. முனகலுக்குள் மெல்லியதாக இன்னொரு கீச்சு. அதை அவர் சொன்ன பிறகுதான் என் காது பிடித்தது. அந்தக் கிழட்டுக் கருவியையும் அந்தக் காதையும் நினைத்து மலைத்துப்போனேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் என் விரலைப் பிடித்து ஷூவுக்குள் விட்டு, பக்கிளுக்கு அடியில் லேசாக அழுத்தினார். சுருக்கென்று குத்தியது. அந்த ஷூ என் உள்ளங்கை அளவுகூட இல்லை.