மூன்றும் நான்கும் மட்டும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் அவளுக்குப் பதினோரு வருஷம். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே 'பிரேக்கக்கா' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் சுவரைப் பார்த்து வண்டியை விட்டபோதெல்லாம் அசராதவள், அந்தக் குளிர்காலத்தில் காரின் ஹீட்டர் ஃபேனிடம் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

ஃபேனுக்கு நாலு வேகம். ஒருநாள் காலையில் ஒன்றும் இரண்டும் செத்துப்போயின. மூன்றும் நான்கும் மட்டும் 'ஹோ'வென்று இரைந்தன. நிறுத்தினால் கண்ணாடியெல்லாம் மூட்டம். போட்டால் அவள் பேசுவது எதுவும் காதில் விழாது. அப்போது கற்றுக்கொண்டிருந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. "லெஃப்ட்ல திருப்புங்க!" என்று இவள் கத்தினால், "எதை நிறுத்தணும்?" என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார்.

"ஃப்யூஸ் போயிருக்கும்" என்றார் அவள் வீட்டுக்காரர். பேக்கரியில் மாவு பிசைகிறவர். மெஷின் எது நின்றாலும் அவருக்கு ஃப்யூஸ்தான்.

"ஃப்யூஸ் போனா நாலும்ல போகணும்?"

"அட, ஆமால்ல."

சுவிட்சாக இருக்குமோ என்று அதை மாற்றிப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. கடைசியில் கார் எலக்ட்ரீஷியனிடம் போனாள். அவன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கம்பிச்சுருள் வைத்த சின்னத் துண்டு ஒன்றைக் கழற்றினான்.

"ரெசிஸ்டர்க்கா. ஃபேன் மெதுவா சுத்தணும்னா கரண்ட் இது வழியா வரணும். நாலாம் நம்பர்ல மட்டும் நேரா போயிடும். இந்தாங்க, ஒண்ணுக்கும் ரெண்டுக்குமான சுருள் அறுந்திருக்கு பாருங்க, மூணோட சுருள் நல்லாருக்கு."

புதுசு போட்டதும் நாலு வேகமும் வந்தன. ஒன்பது நாள் நிம்மதி. பத்தாம் நாள் பழையபடி மூன்றும் நான்கும்.

"டூப்ளிகேட் சாமான் போலருக்கு" என்று வேறு ஒன்று போட்டான். அதுவும் எட்டே நாளில் எரிந்தது. இந்தத் தடவை அவனும் தலையைச் சொறிந்தான். "எனக்கே ஒண்ணும் பிடிபடலக்கா."

அவளுக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. யாராவது சுவிட்சை முரட்டுத்தனமாகத் திருகுகிறார்களா? தன் கைதான் ராசியில்லாத கையா? வகுப்பு நடக்கும்போதே கண் ரோட்டை விட்டு சுவிட்சுக்குப் போயிற்று.

அதைக் கவனித்த நர்ஸம்மா ஒருநாள் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். சாவியைப் பாதி திருப்பி, ஃபேனை மூன்றில் வைத்து, டேஷ்போர்டில் காதை ஒட்டவைத்துக் கேட்டார்.

"இதுக்கு மூச்சு முட்டுதும்மா. சத்தம்தான் பெருசா வருது. காத்தைக் காணோம், கையை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தாள். உண்மைதான், ஊதினால் வருகிற அளவுக்குக்கூட இல்லை. இத்தனை நாள் இரைச்சலைக் காற்று என்று நினைத்திருக்கிறாள்.

எலக்ட்ரீஷியன் மோட்டாரையே இறக்கினான். பொலபொலவென்று சருகு, பஞ்சு, கூடவே அவளுடைய வகுப்பு ரசீதுகள் பொடிப்பொடியாக. எலிக்கூடு! எலியைத்தான் காணவில்லை. கூட்டை வழித்தெடுத்துவிட்டு இன்னொரு ரெசிஸ்டரைப் போட்டான்.

"மோட்டார் திணறி அதிகமா கரண்ட் இழுத்திருக்கு. ரெசிஸ்டர் ஆறுறதுக்கும் காத்து வேணும்கா, அதுவும் கிடைக்கல. எரியாம என்ன செய்யும்?" என்று மூன்று தடவை விளக்கினான். மூன்று தடவையும் தலையாட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். "எலி கூடு கட்டினா ரெசிஸ்டர் ஏன் எரியணும்?"

"காத்து வரலல்ல, அதான்."

"அப்போ நாலாம் நம்பர் எப்படி ஓடுச்சு?"

"அது நேரா போயிடுதுங்க."

"எது?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் ஃபேன் ஓடியது. பத்தாம் நாள் தாண்டியது, மாதமும் தாண்டியது. நாலு வேகமும் சொன்ன பேச்சைக் கேட்டன. ஏன் கெட்டது, எப்படிச் சரியானது என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

வீட்டுக்காரர்தான் விடவில்லை. ஒருநாள் காரில் ஏறும்போது சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தபடி கேட்டார்: "அதெல்லாம் சரி, அந்த எலி இப்போ எங்க இருக்கு?"