எங்கே போகிறாய் என்று கேட்ட காலை

எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் அறிவியல் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்வார். நாங்கள் முதலில் ஊகம் சொல்ல வேண்டும், பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். விடை கடைசியில்தான். நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அறை. நான் நான்கு, அக்கா ஐந்து.

ஒருமுறை எங்களைப் படகில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனார். டச்சுக்காரர்களின் கல்லறை வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றின் விலா எலும்புகளை எண்ணச் சொன்னார். பிறகு சட்டைக்கு மேலேயே தடவி எங்களுடையதை எண்ணச் சொன்னார். கணக்கு ஒத்துவரவில்லை.

“தப்பு கல்லுலயா டீச்சர், நம்ம கையிலயா?” என்று அக்கா கேட்டாள். திரும்பி வரும்வரை டீச்சர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அக்காவின் வாய் ஓயவில்லை. ஏரி எல்லா இடத்திலும் ஒரே உப்பா, இறால் உப்பைத் தேடிப் போகிறதா என்பது அவளே எடுத்துக்கொண்ட கேள்வி. தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பாள். இறால் விழும் இடத்துத் தண்ணீர் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் அப்படிப்பட்ட இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வெகுநாள் வெறும் வலையாக வந்துகொண்டிருந்த சமயத்தில் நைனாவின் பாடு வந்தது. காலையில் அவர் வலையைத் தோளில் போட்டு வாசலைத் தாண்டினார். அக்கா காலி பாட்டிலுடன் பின்னால் ஓடினாள்.

“நைனா, எங்க போற?”

ஏரிக்குப் புறப்பட்டவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டது. அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் அவள் தலையில் அப்போது உப்பு மட்டுமே இருந்தது.

நைனா திட்டவில்லை. வலையை இறக்கினார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், படுத்துவிட்டார். மறுநாள் அந்த இடம் பக்கத்து வீட்டாருடையது. அவர்கள் கூடை கூடையாக இறால் கொண்டுவந்தார்கள்.

அதைப் பார்த்த அம்மா நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

“இன்னா டீச்சர் பாடம் நடத்துற நீ? எங்க போறேனு கேக்கறதா பாடம்?”

டீச்சருக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் தன் வழியிலேயே பதில் சொன்னார். “கோவப்படாதீங்கம்மா. இதையும் சோதிச்சுப் பாக்கலாமே. கொஞ்ச நாள் கேட்டு அனுப்புங்க, கொஞ்ச நாள் கேக்காம அனுப்புங்க. வித்தியாசம் இருக்கானு பாப்போம்.”

“யார் புருஷன வெச்சு?”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“உன் ஊட்டுக்காரர ஏரிக்கு அனுப்பு. வாசல்ல நின்னு கேளு. அப்பால என் பொண்ணுக்குச் சொல்லிக்குடு.”

அடுத்த வாரம் டீச்சர் அறிவியல் புத்தகத்தைத் திறந்தார்.

“இனிமே உன் வாயில கேள்வினு ஒண்ணு வரக்கூடாது,” என்று அம்மா அக்காவிடம் சொன்னாள். அக்கா அதை வீட்டுப்பாடம்போலச் செய்தாள். இன்னும் சோறு வேண்டுமென்றால்கூடத் தட்டை நகர்த்துவாளே தவிர, கேட்கமாட்டாள்.

ஆறாம் வகுப்புக்குப் பழவேற்காடு போக வேண்டும், தினமும் படகு. அவள் வயதுப் பெண்கள் அழுதும் கெஞ்சியும் வீட்டில் சம்மதம் வாங்கினார்கள். பள்ளி திறந்த அன்று படகு கிளம்பியபோது அக்கா கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். மறுவருடம் நான் கேட்டேன். நைனா என்னை அனுப்பினார்.

படித்து முடித்து நான் செய்தித்தாளில் நிருபர் வேலைக்குப் போன பிறகு, ஒரு விடுமுறையில், அக்காவை ஏன் அனுப்பவில்லை என்று நைனாவிடம் கேட்டேன். அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

“அனுப்பமாட்டேன்னு நானா சொன்னேன்? அவ கேக்கவே இல்லியே.”