சம்பந்தியின் முன்னால் கொதித்த பியர்

பதற்றம் வந்தால் சிலர் தேவாரம் பாடுவார்கள். நான் பியர் காய்ச்சுவேன். வேலையிடத்தில் ஒரு நோர்வேஜியச் சிநேகிதி பழக்கிவிட்டது. குடிப்பது என்னவோ அரைக் கிளாஸ்தான். எனக்கு அந்த வாசம் வேண்டும். நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. யாராவது போத்தலைக் கண்டுவிட்டால், காய்ச்சியது என் கணவர் என்று சொல்வதாக ஏற்பாடு. ஆண் காய்ச்சினால் அது பொழுதுபோக்கு. பெண் காய்ச்சினால் குடும்பம் குட்டிச்சுவர்.

மகள் விரும்பிய பொடியன் தாய் தகப்பனோடு முதன்முதலாகச் சம்பந்தம் பேச வருகிற நாள் அது. நாலு மணிக்கு என்றார்கள். தமிழர் நாலு மணி என்றால் ஆறு மணி. அதை நம்பித்தானே இத்தனை வருடம் வாழ்கிறோம். ரோல்ஸ் பொரித்தாயிற்று, சீலை உடுத்தாயிற்று, கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. ஆறு மணிக்குள் காய்ச்சி இறக்கி, யன்னலைத் திறந்து மணத்தையும் கலைத்துவிடலாம் என்று பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

நாலு மணிக்குக் கதவு மணி அடித்தது. பொடியனின் தகப்பன் இங்கே காலமெல்லாம் நிமிடம் தவறாமல் பஸ் ஓட்டியவர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பியருக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவில் கைப்புக்கானதை முதலிலேயே போட்டாயிற்று. வாசத்துக்கான ஹொப்ஸ், பொடித்து உருட்டியது, பக்கத்துக் கிண்ணத்தில் பச்சையாக, முயல் புழுக்கை மாதிரி, காத்திருந்தது. அதை அடுப்பை நிறுத்திக் கொதி அடங்கிய பிறகுதான் போடவேண்டும். கொதிக்கும்போது போட்டால், ரசத்துக்குக் கொத்தமல்லி போட்டு அரை மணி நேரம் காய்ச்சிய கதைதான்.

"என்ன மணக்குது?" என்றார் பொடியனின் தகப்பன், சப்பாத்தைக் கழற்றியபடி.

"பியர். நான் சும்மா பொழுதுபோக்குக்குக் காய்ச்சிறனான்," என்றார் என் கணவர். ஏற்பாடு ஏற்பாடுதான். ஆனால் நெஞ்சை அவ்வளவு நிமிர்த்தும்படி நான் சொல்லவில்லை.

"அட, நீங்களே? கெட்டிக்காரன்தான். காட்டுங்கோவன்."

இருவரும் குசினிக்குப் போனார்கள். எங்கள் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சுவர் கிடையாது, எல்லாம் தெரியும். நான் தேநீர்த் தட்டோடு குனிந்து நிற்க, பொடியனுக்குப் பக்கத்தில் இருந்த அவன் தாய் ஒரு கோப்பையை எடுத்தார். சீனி வேண்டாம் என்றதைத் தவிர அந்த அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. மகள் என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தாள்.

குசினியில் கணவர் வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துகொண்டிருந்தார். வந்தவர் தலையாட்டத் தலையாட்ட இவருக்கு உற்சாகம் ஏறியது. "இதுதான் வாசத்துக்கு," என்று கிண்ணத்தைத் தூக்கிக் கொதிக்கிற பானைக்கு நேரே சரித்தார்.

"இஞ்சரப்பா, போட்டிடாதேங்கோ!"

தேநீர் தட்டெல்லாம் சிந்தியது. எனக்கு அது கண்ணில் படவில்லை. "அடுப்பு இன்னும் நிப்பாட்டேல்லை! இப்ப போட்டால் வாசமெல்லாம் ஆவியாப் போய்க் கைப்புத்தான் மிஞ்சும். எத்தினை தரம் சொன்னனான்?"

வந்தவர் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, காய்ச்சிறது நீங்களோ?"

மகளுக்கு முகம் வெளிறிவிட்டது. என் வாயால் அவள் கலியாணம் குழம்பப் போகிறதே என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் பியருக்கு இவர் கெட்டிக்காரன் பட்டம் வாங்கிய ஆத்திரம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ஓம். நான்தான்."

சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அடுப்பை நிறுத்தினேன். கொதி அடங்கும்வரை நின்று ஹொப்ஸைப் போட்டேன். தோடம்பழத் தோல் வாசம் வீடு முழுக்க எழும்பியது. வந்தவர் பானைக்கு மேலே குனிந்து முகர்ந்து பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து என் கணவரிடம் கேட்டார். "அப்ப நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"நான் போத்தல் கழுவிறனான்," என்றார் இவர், மெதுவாக.

பொடியனின் தாய் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியே? கலியாணத்துக்கு முதல் வடிவாப் போத்தல் கழுவப் பழகு."