ஐம்பத்தைந்து இஞ்சும் அம்மாவின் கதிரையும்

தம்பிக்கு ரொறொன்ரோவில் கல்யாணம். அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். பெற்ற மகன் தாலி கட்டுவதை வெள்ளவத்தை வீட்டு ஹோலில் இருந்து, நேரலையில்தான் அவர் பார்க்க வேண்டும். எங்கள் பழைய டீவியில் மாப்பிள்ளை யார், ஐயர் யார் என்று பிரித்தறிவதே பெரும்பாடு. அம்மா வடிவாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அம்மாவோடு போன காலி வீதிக் கடையில் ஒரே மொடல் டீவி இரண்டு அளவில் பக்கத்துப் பக்கத்தில் ஓடியது, நாற்பத்துமூன்றும் ஐம்பத்தைந்தும். இரண்டிலும் வண்ண மீன்கள். மீனையா பார்க்கப்போகிறோம்? பென்டிரைவில் கொண்டுபோயிருந்த தம்பியின் நிச்சயதார்த்த வீடியோவைப் போடச் சொன்னேன்.

நேரே நின்று பார்த்தால் பெரியதுதான் அருமை. மயிர் மயிராக மீசை தெரிந்தது. ஓரமாக நகர்ந்தேன். பெரியதில் தம்பி சாம்பல் பூசியதுபோல் வெளிறிப்போனான். சின்னதிலோ எங்கே நின்றாலும் நிறம் மாறவில்லை.

"ஒரே மொடல் எண்டுதானே சொன்னீங்கள்?" என்றேன் கடைக்காரரிடம்.

"மொடல் ஒண்டுதான் மிஸ். உள்ளுக்கு இருக்கிற திரைப் பனல் வேற. வீட்டில எங்க இருந்து பார்ப்பீங்க?"

அம்மா முந்திக்கொண்டார். "நான் குசினி வாசலடியிலதான் இருப்பன். ஆக்கள் வருவினம், முன்னுக்கு அவை இருக்கட்டும். சின்னனே காணும் பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீடுகளில் விசேஷம் என்றால் வீட்டுக்காரிக்கு முன்கதிரை கிடையாது. தட்டோடு சமையலறை ஓரத்தில் நிற்பதுதான் மரியாதையாம். அதற்காகச் சொந்த மகனின் கல்யாணத்தையும் ஓரத்தில் நின்றா பார்ப்பது? அம்மா நேரே இருந்துதான் பார்ப்பார் என்று பெரியதையே கட்டித் தரச் சொன்னேன்.

கல்யாணத்தன்று பின்னேரம் ஹோல் நிறைந்துவிட்டது. நட்டநடுவில் கதிரை போட்டு அம்மாவை இருத்தினேன். மாடிவீட்டு அன்ரி வந்ததும் அம்மா இடம் கொடுக்க எழும்பினார்.

"இருங்கோ அம்மா. தேத்தண்ணி நான் குடுக்கிறன்."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

கெட்டிமேளம் கேட்டது. குசினி வாசலில் தட்டோடு நின்ற எனக்குத் தம்பியின் முகம் வெளிறித்தான் தெரிந்தது. எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் முன்னால் குனிந்து அவன் முகத்தையே பார்த்தார்.

"நல்லாச் சாப்பிடுறன் எண்டு போனில பொய் சொல்லியிருக்கிறான்," என்றார். "கன்னம் ரெண்டும் உள்ளுக்குப் போட்டுது."